படிவத்தில் இல்லாத கிணறு

அன்புள்ள செல்விக்கு,

நீ கூரியரில் அனுப்பிய கட்டு செவ்வாய்க்கிழமை பகல் வந்தது. உன் அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். உள்ளே இரண்டு இருந்தன. ஒன்று, உங்கள் கம்பெனியின் வரலாறு என்று வழுவழுத் தாளில் அச்சடித்த புத்தகம். இன்னொன்று, அடுத்த வாரம் வியாழக்கிழமை திருப்போரூர் கல்யாண மண்டபத்தில் நடக்கப்போகிற கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நீ மேடையேறிப் படிக்கவேண்டிய தமிழ் அறிக்கை. நம் கடலோரத்தில் மறுபடியும் எண்ணெய் தேடிச் சோதனைத் துளை போடப்போகிறீர்கள், அதற்கு ஊர் ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிற கூட்டம். ‘அப்பா, தமிழை மட்டும் பாத்துக் குடுங்க, ஆபீஸ்ல எல்லாருக்கும் தமிழ் தகராறு’ என்று ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தாய். பார்த்துவிட்டேன். ஒற்றுப் பிழைகளைப் பென்சிலால் திருத்தியிருக்கிறேன். ‘நிலத்தடி’ என்பதை நாலு இடத்தில் நாலு விதமாக எழுதியிருக்கிறாய், அதையும் சரி செய்தாயிற்று. பதினோராம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அதைப் பென்சிலால் திருத்த முடியாது. அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் கோபப்படுவேன், உன் அம்மா போனைப் பிடுங்கிச் சாப்பிட்டாயா என்று கேட்பாள், விஷயம் அங்கேயே முடிந்துபோகும்.

முதலில் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவன் சாயங்காலக் காபிக்குள் முழுசாகப் படித்துவிட்டேன். நல்ல தாள், நல்ல படங்கள். மூன்றாம் பக்கத்தில் முதலாளி இளைஞராக ஒரு ஜீப்பில் சாய்ந்து நிற்கிறார். வாடகை வீட்டில் இரண்டு துளை போடும் மெஷினோடு ஆரம்பித்தாராம், அரசாங்கத்துக்காக நிலத்தைச் சோதித்துக் கொடுத்தாராம், பிறகு சொந்தமாக உரிமம் வாங்கினாராம். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கம்பெனி தன் பெயரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்ட கதையை ஏன் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்? நான் சேர்ந்தபோது போர்டில் முதலாளியின் குடும்பப் பெயர் இருந்தது. வெளிநாட்டுக்காரன் பங்கு போட்டதும் பாதிப் பெயர் அவனுடையதானது. அவன் போனதும் அந்தப் பாதியும் போனது. பங்குச் சந்தைக்குப் போகும்போது வேறொரு பெயர். இப்போது நீ கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறாயே, அது நாலாவது பெயர், பக்கத்தில் ஒரு பச்சை இலை வேறு. பூமிக்குள் வெடி வைத்துப் பார்க்கிற கம்பெனிக்கு இலை எதற்கு என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் பழைய பெயரில் செய்ததெல்லாம் பழைய பெயரோடு போய்விடும். யாராவது வந்து கேட்டால் ‘அது வேற கம்பெனி சார்’ என்பார்கள். இதை வாசலில் நின்று கேட்டவன் இல்லை நான். உள்ளே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவர்களிடம் நானே சொன்னவன்.

ஒன்பதாம் பக்கத்தில் நம் ஊர் வருகிறது. அரைப் பக்கம்தான். சொந்த உரிமத்தில் கம்பெனி செய்த முதல் ஆய்வு திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே நடந்ததாம். ‘உள்ளூர் மக்களின் முழு ஒத்துழைப்போடு’ குறித்த நாளுக்கு முன்பே முடிந்ததாம். இங்கே எண்ணெய் கிடைக்கவில்லை என்றாலும் இங்கே பெற்ற அனுபவம்தான் பின்னால் வேறு ஜில்லாவில் எரிவாயு கண்டுபிடிக்க வழிகாட்டியதாம். கீழே ஒரு படம். மஞ்சள் தொப்பி போட்ட ஆறு பேர். இடது ஓரத்தில் கையில் அட்டையை வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறவன் நான். உன் அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்துவிட்டாள். முழு ஒத்துழைப்பு என்று போட்டிருக்கிறதே, அது அந்த அட்டையில் செருகியிருந்த படிவங்கள்தான்.

போன மாதம் நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. ‘அப்பா, குடோன்ல இருந்து பழைய ஃபைல் எல்லாம் எடுத்துப் பாத்தோம். நம்ம ஊர்ப் பக்கம் பண்ண சர்வே அவ்ளோ க்ளீனா இருக்குப்பா. ஒவ்வொரு ஃபார்ம்லயும் உங்க கையெழுத்து. பாத்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு’ என்றாய். நான் ‘அப்படியா’ என்று மட்டும் சொன்னேன். அப்பாவுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்திருப்பாய். அந்தப் படிவத்தை ஆதாரமாக வைத்துத்தான் பதினோராம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறாய்: ‘முந்தைய ஆய்வின்போது துளைகள் இடப்பட்ட பாதையில் குடிநீர்க் கிணறு எதுவும் இல்லை. எனவே குடிநீருக்குப் பாதிப்பு ஏதும் ஏற்படவில்லை.’ வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது. பொய் என்பதைத் தவிர அதில் வேறு பிழை கிடையாது.

நான் எப்படி அந்தக் கம்பெனிக்குள் போனேன் என்று உனக்குப் பலமுறை கதை சொல்லியிருக்கிறேன். பாதிக் கதைதான் சொன்னேன். திருப்போரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூடிக் கிடந்த ரைஸ் மில்லை வாடகைக்கு எடுத்து முகாம் போட்டார்கள். நம் காலனியிலிருந்து இருபது பேர் கூலிக்குப் போனோம். வயல், சவுக்குத் தோப்பு, உப்பங்கழி எது வந்தாலும் மேப்பில் போட்ட கோட்டின்படி நேராக ஒரு பாதை போகும். அதற்கு லைன் என்று பெயர். லைனில் வரிசையாக ஆழத் துளை போட்டு அடியில் வெடி வைப்பார்கள். மேலே நிலத்தில் சின்னச் சின்னக் கருவிகளைச் செருகி வயரில் கோப்பது எங்கள் வேலை. வெடித்த அதிர்வு பூமிக்குள் எதில் மோதித் திரும்புகிறது என்று அந்தக் கருவிகள் கேட்டு லாரியில் இருக்கிற மெஷினுக்குச் சொல்லும். நீ அதையே படித்துப் பட்டம் வாங்கியவள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் படிப்பில் வராதது ஒன்று உண்டு. அடுத்தவன் நிலத்தில் கால் வைக்க அவன் கையெழுத்து வேண்டும், அதை வாங்கித் தர ஒருவன் வேண்டும். பர்மிட் மேன் என்பார்கள். நான் பிளஸ் டூ படித்தவன், ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எந்த நிலம் யாருடையது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தெரியாமல் எப்படி இருக்கும்? அத்தனை நிலத்திலும் என் அப்பா ஏர் ஓட்டியிருக்கிறார், அதில் ஒரு சாண்கூட எங்களுடையது இல்லை. பதினைந்தே நாளில் அந்த அட்டையை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

படிவத்தில் ஏழு கேள்வி. ஆறாவது கேள்வி, அருகில் உள்ள குடிநீர்க் கிணறு எவ்வளவு தூரம் என்பது. கிணறு பக்கத்தில் இருந்தால் அங்கே துளை போடக் கூடாது, லைனை வளைத்துக்கொண்டு போகவேண்டும். அது கம்பெனியே எழுதி வைத்த விதி. நம் காலனிக் கிணறு பெரிய வீட்டுக்காரர் தரிசுக்கு ஓரத்தில் புறம்போக்கில் இருந்தது. உனக்கு அப்போது இரண்டு வயது, ஞாபகம் இருக்காது. மணல் மேட்டில் காலனி ஆட்களே தோண்டி உறை இறக்கியது. சுற்றிலும் எங்கே தோண்டினாலும் கரிக்கும், அந்த ஒரு இடத்தில் மட்டும் இளநீர் மாதிரித் தண்ணீர். காலனிக்கு அது ஒன்றுதான். மேப்பில் போட்டிருந்த லைன் அதிலிருந்து முப்பது தப்படி தள்ளி, அந்தத் தரிசுக்குள்ளே போனது.

பெரிய வீட்டுக்காரர் வீட்டில் என் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். குடிக்கத் தண்ணீர் கேட்டால் மாட்டுக் கொட்டகைப் பக்கம் வரச் சொல்லி, குவித்த கையில் மேலிருந்து ஊற்றுவார்கள். சின்ன வயதில் நானும் அப்படிக் குடித்திருக்கிறேன். கம்பெனிச் சட்டையும் அட்டையுமாக நான் போன அன்று ‘வா தம்பி, உக்காரு’ என்றார். சேர் போட்டார்கள். பிளாஸ்டிக் சேர்தான். எவர்சில்வர் டம்ளரில் மோர் வந்தது, அவர் கையில் இருந்ததும் அதே மாதிரி டம்ளர். அந்த மோர் தொண்டையில் இறங்கியபோது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். ஆறாவது கேள்வியில் ‘காலனிக் கெணறு ஒண்ணு கீது’ என்று நானேதான் ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். ‘அது கெணறாய்யா? பொறம்போக்குல கீற பள்ளம், உங்காளுங்க தோண்டனது. பட்டா கீதா, நம்பர் கீதா? கெணறுன்னு எழுதுனா லைனு வளஞ்சி அடுத்தவன் நெலத்துக்குப் பூடும், எனக்கு வர்ற நஷ்டஈடு அவனுக்குப் போவும். நீ படிச்ச புள்ள, உனுக்குத் தெரியாதா?’ என்றார். அவர் அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. அதட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன் என்று இன்றுவரை என்னையே ஏமாற்றிக்கொள்கிறேன். அந்த நாற்காலியிலிருந்து எழ எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். நாங்கள் குடிக்கிற இடத்தைக் கிணறு என்று அவர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆறாவது கேள்விக்கு நேராக ‘இல்லை’ என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன்.

துளை போடுகிற மேஸ்திரி ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஆள், யாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். மெஷின் இறங்குமுன்னே ஒரு பிடி மண்ணை எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ‘நைனா, இங்க மேல மணலு, நல்ல தண்ணி. அடியில களிமண்ணு தட்டு. அதுக்கும் கீழ முழுக்க உப்பு. தட்ட ஒடச்சா கீழ கீறது மேல ஏறிக்கும். அந்தாண்ட பொம்பளைங்க தண்ணி சேந்திகினு கீறாங்க, நீ ஃபார்ம்ல இன்னா எழுதி வெச்சிகீற?’ என்றார். ‘அது பள்ளம் மேஸ்திரி’ என்றேன். கையில் இருந்த மண்ணைக் கீழே தட்டிவிட்டார். ‘நீ சொன்னா சரி’ என்று மெஷினை ஓட்டச் சொல்லிவிட்டார். வேலை முடிந்ததும் துளையைக் களிமண் போட்டு இறுக்கி மூடவேண்டும், அதுவும் விதிதான். மழைக்கு முன்னால் லைனை முடிக்கிற அவசரத்தில் மேலே நாலு கூடை மண்ணைத் தள்ளிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். வெடி வைத்த அன்று காலனியே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. தரை ஒரு தடவை தூக்கிப்போட்டது, துளையிலிருந்து சேறும் தண்ணீரும் ஓராள் உயரத்துக்குப் பீய்ச்சியது, எல்லாரும் கைதட்டினார்கள். உன்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு நானும் தட்டினேன்.

உன் அத்தைதான் முதலில் கண்டுபிடித்தாள். என் அக்கா, உன்னை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்தவள். ஒரு மாதம் கழித்து முகாமுக்கே வந்துவிட்டாள். ‘இன்னாடா, பருப்பு வேவவே மாட்டேங்குது. எத்தினி வெறகு வெச்சாலும் கல்லு மாரி கீது. சோப்பு போட்டா நொர வர்ல. தண்ணி கரிக்குதுடா. உங்க கம்பெனில பெரியவங்க கீறாங்களே, வந்து இன்னா ஏதுன்னு பாக்கச் சொல்லு’ என்றாள். நான் பார்ட்டி சீஃப்பிடம் போனேன். பார்ட்டி சீஃப் என்றால் அந்த ஆய்வுக் குழுவுக்கே தலைவர், வடக்கே படித்துவிட்டு வந்த தமிழர். நான் அவரிடம் போனேன் என்பதை மட்டும் எனக்காக நீ குறித்துக்கொள். கெட்ட மனுஷன் இல்லை, யாரையும் சத்தம் போட மாட்டார். நிதானமாக ஃபைலை எடுத்து, அந்தப் படிவத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். ‘நீதானேப்பா எழுதியிருக்கே, கிணறு இல்லைன்னு. இல்லாத கிணறு எப்படி உப்பாகும்?’ என்றார். ஃபைலை மூடினார். ‘இருந்ததுன்னு இப்ப சொன்னா, பொய் எழுதினது நீன்னு ஆகும். லைன் முடிஞ்சுது, டேட்டாவும் போயாச்சு. உன் பேரைப் பெர்மனென்ட்டுக்கு எழுதி அனுப்பியிருக்கேன். யோசிச்சுக்கோ’ என்றார். வெளியே அக்கா மில் வாசலில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ‘மழ இல்ல, அதான் கரிக்குது. மழ பேஞ்சா சரியாப்பூடும்னு ஆபீசரு சொல்றாரு’ என்றேன். ‘அப்டியா, சரி சரி’ என்று சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். படித்த தம்பி சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

மழை பெய்தது. கிணறு திருந்தவில்லை. தை மாதம் முதலாளியே வந்தார். ஆய்வு சீக்கிரம் முடிந்ததற்காக மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு பெரிய ஓட்டலில், புல்வெளியில் ஷாமியானா போட்டு விருந்து. என்னை முன்னால் கூப்பிட்டு, ஒரு இடத்தில்கூட வளையாத லைன் என்று எல்லாருக்கும் சொல்லி, நிரந்தர வேலைக்கான உத்தரவைக் கையில் கொடுத்தார். அங்கே ஒரு நீச்சல் குளம் இருந்தது. யாரும் பார்க்காதபோது குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு இல்லை. அன்று காலையில்தான் உன் அத்தை கால்வாயைத் தாண்டி அடுத்த ஊர் பம்புசெட்டுக்கு இரண்டு குடத்தோடு நடந்துகொண்டிருந்தாள். கம்பெனி ஜீப்பில் அவளைத் தாண்டிப் போனேன். டிரைவர் ‘உங்க அக்காவாட்டம் கீது, நிறுத்தவா’ என்று கேட்டார். நேரமாகிவிட்டது, ஓட்டுங்கள் என்றேன். அந்த விருந்தின் படமும் புத்தகத்தில் இருக்கிறது, பத்தாம் பக்கம் எடுத்துப் பார்.

அந்த உத்தரவால்தான் நாம் செங்கல்பட்டுக்குக் குடி வந்தோம். உன் இங்கிலீஷ் பள்ளிக்கூடம், காலேஜ், எல்லாம் அதிலிருந்து வந்ததுதான். உன்னைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை, ஆனால் தெரியாமல் இருக்கவும் விட மாட்டேன். முட்டுக்காட்டுக்குப் படகு சவாரி போனோமே, உனக்கு நாலு வயது, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை உனக்கு முழங்கால் வரை தொங்கியது. அத்தையையும் கூட்டிப் போயிருந்தோம். படகு திரும்பும்போது தண்ணீர் தெறித்து அவள் முகத்தில் அடித்தது. உதட்டைத் துடைத்துக்கொண்டு, ‘டேய், நம்ம கெணத்துத் தண்ணி இப்ப அப்டியே இதுதாண்டா’ என்று சிரித்தாள். நீ சிரித்தாய், உன் அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று எழுதக் கேவலமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன்.

பிறகு சுனாமி வந்தது. கடல் கால்வாய் வழியாக உள்ளே புகுந்து கிணற்றடி வரை வந்து திரும்பியது. விசாரிக்க வந்தவர்களிடம் எல்லாரும் ‘சுனாமில கெணறு கெட்டுப்பூடிச்சி’ என்றார்கள். முன்னாலேயே கெட்டுவிட்டது அவர்களுக்குத் தெரியும். ஆனால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் கிடந்தவர்களுக்குத் திட்ட ஒன்று கிடைத்தது. கொஞ்ச வருஷத்தில் எது முன்னால் எது பின்னால் என்பதே குழம்பி, சுனாமி என்றே நின்றுவிட்டது. செத்தவர்களுக்காக ஊரே அழுதுகொண்டிருந்தபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது, செல்வி. உன் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. அத்தனை உயிரைக் கொண்டுபோன கடலுக்கு மனதுக்குள் நன்றி சொன்னவன் உன் அப்பன். கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். இப்போது அந்த மேட்டில் மனை விற்கிறவர்கள் கலர்க் கொடி நட்டிருக்கிறார்கள். நெம்மேலியில் கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். நல்ல தண்ணீரைக் கடல் தண்ணீராக்கினவன் செங்கல்பட்டு ஏரிக்கரையில் காலையில் வாக்கிங் போகிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதன் பிறகு கம்பெனியோடு எத்தனையோ ஊருக்குப் போனேன், கட்டுக் கட்டாகப் படிவம் எழுதினேன். அங்கெல்லாம் கிணற்றைக் கிணறு என்றுதான் எழுதினேன். ஒரு இடத்தில் ஐயர் வீட்டுக் கொல்லைக் கிணற்றுக்காக லைனையே வளைத்தேன், பார்ட்டி சீஃப் முகத்தைச் சுளித்தார், எனக்குக் கவலையே இல்லை. மற்றவர்கள் கிணறெல்லாம் எனக்குக் கிணறாகத் தெரிந்தது. எங்களுடையது மட்டும் பள்ளமாகத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் என்னை நானே மன்னிக்க முடியாமல் போனது இதற்காகத்தான்.

உனக்குப் புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது, ஆனாலும் பெற்றவன், சொல்லாமல் விட மாட்டேன். ஒரு நிலத்துக்குப் போனால் இது யாருடையது என்று கேட்பதற்கு முன்னால் இங்கே தண்ணீர் குடிப்பவர்கள் யார் என்று கேள். உங்கள் படிவம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது, கேள்விகள் ஏழிலிருந்து எழுபதாகிவிட்டன, ஆனால் பட்டா இல்லாதவன் வாயைத் திறக்கிற இடம் அதில் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மேலதிகாரி உன் வேகத்தைப் பாராட்டினால் சந்தோஷப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை, அப்படியே திரும்பி எதை மிதித்துக்கொண்டு வந்தோம் என்றும் பார். நமக்கு நாற்காலி புதுசு, மகளே. உட்கார வேண்டியதுதான், அதற்காகத்தான் உன்னைப் படிக்க வைத்தேன். ஆனால் புதுசாக உட்கார்ந்தவனுக்கு அதிலிருந்து எழுவதுதான் பெரிய பாடு. வியாழக்கிழமை உனக்குப் போடப்போகிற நாற்காலி என்னுடையதைவிட உசத்தி, கலெக்டருக்குப் பக்கத்தில் துண்டு விரித்துப் போடுவார்கள்.

நேற்று அத்தை வீட்டுக்குப் போனேன். ‘என் மருமவ மேடையில பேசப்போவுது, நாங்க மொத வரிசைல குந்திகினு பாக்கப்போறோம்’ என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நீ தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சேலையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கிக் கொடியில் போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. என்னை நம்பி எழுந்து போனாளே, அதே மாதிரி உன்னையும் நம்புவாள். நீ கிணறு இல்லை என்று மைக்கில் சொன்னால், தான் தண்ணீர் சேந்திய கையைச் சந்தேகப்படுவாளே தவிர உன்னைச் சந்தேகப்பட மாட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். மோர் குடித்ததையும் ஜீப்பை நிறுத்தாததையும் விடவில்லை. கத்துவாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று எதிர்பார்த்தேன். ‘கடல வீணா திட்டிகினு இருந்தேனேடா’ என்றாள். பிறகு ‘செல்விக்குத் தெரியுமா?’ என்று கேட்டாள். தெரியாது என்றேன். ‘தெரியாம படிச்சா அது அறியாத புள்ள. தெரிஞ்சி படிச்சா?’ என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் வீட்டுக்கு யார் போனாலும் முதலில் தண்ணீர்ச் சொம்பு வரும், கேன் தண்ணீர்தான் என்றாலும் வரும். நேற்று வரவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தொண்டை காய்ந்துபோய் பஸ் ஏறினேன்.

இனி நீ தெரியாமல் படிக்க முடியாது. அந்த வசதியை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன், அதற்காக என்னைத் திட்டு. வேலை போகுமா என்றால், போகலாம். இதுவரை பெற்ற நல்ல பெயர் போகும், உன் அம்மா அழுவாள், வீட்டுக் கடன் பாங்க்காரன் போன் செய்வான். நான் எழுதியது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை உன் அறிக்கையோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அதை இணைப்பதும் கிழிப்பதும் உன் பாடு, இன்னொரு பிரதி என் சட்டைப் பையில் இருக்கும். பெரிய வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், மேஸ்திரி எங்கே இருக்கிறார் என்று தெரியாது, கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டது. அந்தப் படிவத்துக்கு மிச்சம் இருக்கிற ஆள் நான் ஒருவன்தான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அத்தை முதல் வரிசையில் இருப்பாள். பக்கத்தில் என்னை உட்கார விடுவாளா தெரியாது, விடாவிட்டால் பின்னால் நின்றுகொள்கிறேன். பதினோராம் பக்கத்தை அப்படியே நீ படித்தால், நான் எழுந்து அங்கே கிணறு இருந்தது என்று சொல்வேன். அந்த வரியைப் படிக்காமல் தாண்டினாலும் எழுந்து சொல்வேன். நீயே திருத்தி, கிணறு இருந்தது என்று படித்தாலும் எழுந்து நிற்பேன். அப்படியானால் இல்லை என்று எழுதினவன் யார் என்று அங்கே யாராவது கேட்பார்கள்.

உன் அப்பா